குலுக்கலில் விழுந்த இருபது

"அப்பா, உங்களுக்கு இருபது" என்றாள் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிற பெண், கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

இருபது தடவை கதிர்வீச்சு. ஐந்து விழும் என்று நம்பிப் போனவன் நான். முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்றுதான் இருந்தேன். காட்டிவிட்டேன் போலிருக்கிறது. "கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். புராஸ்டேட் நோயாளியிடம் யாரும் கேட்கக்கூடாத கேள்வி அது.

முதலிலிருந்து சொல்கிறேன். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ரயில் பெட்டி செய்கிற வேலை எனக்கு. ஷெல் டிவிஷனில் சேர்ந்து, கடைசிப் பதினைந்து வருஷம் தர ஆய்வுப் பிரிவில் இருந்து, 2018 டிசம்பரில் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு ராத்திரியில் மூன்று தடவை, நாலு தடவை எழுந்திருக்க ஆரம்பித்தேன். "வயசானா அப்படித்தான்" என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டு ஐந்தாறு வருஷம் ஓட்டினேன். 2025 ஜனவரியில் மகள் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை எடுக்க வைத்தாள். புராஸ்டேட்டில் கோளாறு வந்தால் ரத்தத்தில் ஏறுகிற பி.எஸ்.ஏ. 18.4. பிறகு எம்.ஆர்.ஐ., பயாப்ஸி, பெட் ஸ்கேன். புற்றுநோயின் மூர்க்கத்தைச் சொல்கிற க்ளீசன் மதிப்பெண் 4+4. எங்கும் பரவவில்லை, ஆனால் 'ஹை ரிஸ்க்' வகை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. என்னை ராத்திரி எழுப்பியது புற்றுநோய் இல்லையாம். வயதாக ஆக ஆண்கள் பலருக்கும் வீங்குகிற மாதிரி புராஸ்டேட் சுரப்பியின் நடுப்பகுதி வீங்கி, சிறுநீர்ப் பாதையை நெருக்கியிருக்கிறது. புற்றுநோய் சுரப்பியின் வெளி ஓரத்தில், ஒரு சத்தமும் போடாமல் உட்கார்ந்திருந்தது. சத்தம் போட்டவனைப் பிடிக்கப் போய் சும்மா இருந்தவன் மாட்டினான்.

அறுவை சிகிச்சை ஒரு வழி; கதிர்வீச்சும் கூடவே ஹார்மோன் ஊசியும் இன்னொரு வழி. இரண்டையும் விளக்கிவிட்டு என்னையே யோசிக்கச் சொன்னார்கள். கத்தி வேண்டாம் என்று முடிவு செய்தேன். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, பயம்தான்.

எங்கள் வீட்டில் 'ரேடியேஷன்' என்றால் பாதிப் பேருக்குப் புரியாது. 'கரண்ட் வைக்கிறது' என்றால் எல்லோருக்கும் புரியும். எழுபதுகளில் என் பெரியப்பாவுக்குத் தொண்டையில் கரண்ட் வைத்தார்கள். அது கோபால்ட் மெஷின் காலம். கழுத்துத் தோல் கருகி, சட்டைக் காலர் போட முடியாமல் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்தத் திண்ணைதான் இத்தனை வருஷமாக என் தலைக்குள் கதிர்வீச்சு என்கிற சொல்லுக்குப் படமாக இருந்தது. இன்றைய லீனியர் ஆக்ஸிலரேட்டர் கட்டிலைச் சுற்றி வந்து பல கோணங்களிலிருந்து கதிரைப் பாய்ச்சுகிறது. எல்லாக் கோணமும் சந்திக்கிற இடத்தில்தான் முழு அளவு விழும், வழியில் இருக்கிற தோலுக்குக் கொஞ்சம் கொஞ்சம்தான். இதை டாக்டர் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் பல கோடுகளை இழுத்துக் காட்டினார். படம் புரிந்தது. திண்ணை மட்டும் போகவில்லை.

டாக்டர் என் மகள் வயதுக்காரர். மூன்றாவது சந்திப்பில்தான் ஆராய்ச்சி விஷயத்தை எடுத்தார். வழக்கமான முறை, 20 நாள், நாளுக்கு 3 க்ரே (க்ரே என்பது கதிரை அளக்கிற அலகு), மொத்தம் 60. ஆராய்ச்சி முறை, ஒருநாள் விட்டு ஒருநாளாக 5 தடவை, தடவைக்கு 7.25 க்ரே, மொத்தம் 36.25. இரண்டில் எது என்பதை நானும் முடிவு செய்ய முடியாது, அவரும் முடிவு செய்ய முடியாது. கம்ப்யூட்டர் ஒதுக்கும்.

"உங்களுக்கு எது நல்லதுன்னு தோணுது, அதைச் சொல்லுங்க" என்றேன். பதினைந்து வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவனுக்கு, பாஸா ஃபெயிலா என்று எதிராளி வாயால் வர வேண்டும்.

"எனக்குத் தெரியாது சார்" என்றார். "தெரிஞ்சிருந்தா உங்களை இதுல சேரச் சொல்றதே தப்பு."

வாழ்நாளில் எத்தனை டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன்! தெரியாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் ஆள் இவர். கையெழுத்துப் போடுவதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன் என்றாலும், உண்மையில் அந்த நிமிஷமே பாதிக் கையெழுத்து விழுந்துவிட்டது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி, "நீங்க என்ன எலியா?" என்றாள். எனக்கு எலி நினைவுக்கு வரவில்லை, மணல் மூட்டைதான் வந்தது. ட்ரயல் என்ற சொல் எங்கள் தொழிலில் தினப்படி புழங்குவது. புதுப் பெட்டி ஒன்றைத் தண்டவாளத்தில் ஓட்டிப் பார்க்கும்போது உள்ளே பயணிகளை ஏற்ற மாட்டார்கள். பயணிகளின் எடைக்கு மூட்டைகளை அடுக்கி, முழுப் பாரத்தோடு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். நான் ஓய்வு பெற்ற மாதத்தில்தான் எங்கள் ட்ரெயின் 18, கோட்டா – சவாய் மாதோபூர் தடத்தில் 180 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. பின்னால் வந்தே பாரத் என்று பேர் மாற்றிக்கொண்டது அதுதான். அன்றைக்கும் உள்ளே உட்கார்ந்திருந்த பாரம் எதுவும் வாய் திறந்து கேள்வி கேட்டதில்லை. நான் கேட்கலாம் என்று தோன்றியது.

தகவல் படிவம் தமிழிலேயே கொடுத்தார்கள், பதினான்கு பக்கம். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். நான் பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அந்தத் தமிழை யார் எழுதினார்களோ! 'பங்கேற்பாளர் சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவார்' என்று ஒரு வரி. எங்கள் தொழிற்சாலை ஷாப்பில் சீரற்றது என்றால் ரிஜெக்ட், ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டியது. மகளுக்கு போன் போட்டேன். அவளுக்கும் புரியவில்லை. மறுநாள் ஒருங்கிணைப்பாளர் பெண்ணிடம் கேட்டால், "குலுக்கல் மாதிரிப்பா" என்கிறாள். அதை அப்படியே எழுதியிருக்கலாமே! வீட்டுவசதி வாரியத்தில் மனை ஒதுக்குவது குலுக்கலில்தான், ஏலம் விடாத குலுக்கல் சீட்டும் தெருவுக்குத் தெரு உண்டு. தமிழனுக்குக் குலுக்கலைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏன் குலுக்க வேண்டும் என்று அவள் சொன்ன விளக்கமும் நமக்குப் பழக்கமானதுதான். டாக்டரே பிரித்தால், தன்னையும் அறியாமல் திடமான ஆளை ஒரு பக்கமும் சோர்ந்த ஆளை இன்னொரு பக்கமும் போட்டுவிடுவார். பிறகு ஜெயித்தது சிகிச்சையா, ஆளா என்று சொல்ல முடியாது. அதனால் அடுத்த சீட்டு என்ன என்பது சேர்க்கிறவருக்கே தெரியாதபடி பூட்டி வைக்கிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் இதுவேதான் இருக்கிறது. குடத்திலிருந்து ஓலையை எடுக்க, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட வேண்டும் என்று முதலாம் பராந்தகன் காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் குடவோலையைத் தேர்தலுக்கு உதாரணமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அந்தப் பையனின் அருமை அறுபத்தாறு வயதில், ஒரு கேன்சர் ஆஸ்பத்திரியில்தான் புரிந்தது.

மைத்துனர் வந்து ஒரு சண்டை போட்டார். "மாமா, வெள்ளைக்காரன் மருந்தை நம்ம மேல போட்டுப் பாக்குறான். கம்மத்துல பொண்ணுங்களுக்கு ஊசி போட்டாங்களே, மறந்துட்டீங்களா?" மறக்கவில்லை. அன்றைய ஆந்திராவிலும் குஜராத்திலும் பள்ளிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டுப் பார்த்த ஆய்வு 2010இல் நிறுத்தப்பட்டது. பெற்றோரின் சம்மதத்தை ஒழுங்காக வாங்கவில்லை என்று பெரிய விசாரணையே நடந்தது. அந்தக் கோபம் நியாயமானது. அதனால்தான் நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். இங்கே புது மருந்து ஏதும் கிடையாது. அதே மெஷின், அதே கதிர், எத்தனை பங்காகப் பிரிப்பது என்பது மட்டும்தான் கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேடு என்று ஒன்று 2007இலிருந்து இயங்குகிறது, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். படிவத்தில் இருந்த பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்தேன். எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதை அளக்கிறார்கள், யார் பணம் கொடுக்கிறார்கள் எல்லாம் இருந்தது.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில், ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுக்கிற நெறிமுறைக் குழுவின் அலுவலக நம்பர் இருந்தது. அதையெல்லாம் யாரும் கூப்பிடுவதில்லை என்று தெரியும், அதனாலேயே கூப்பிட்டேன். எடுத்தவர் முதலில் திகைத்து, பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் பேசினார். குழுவில் டாக்டர்கள் மட்டும் இல்லை, ஒரு வக்கீலும் மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பொது ஆளும் கட்டாயம் இருக்க வேண்டுமாம். சிகிச்சையால் கேடு வந்தால் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு யாருடையது, எந்த நேரத்தில் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாமா, விலகினால் என் சிகிச்சை நிற்குமா என்று கேட்டேன். நிற்காது என்றார். "இதை எழுத்துல குடுப்பீங்களா?" என்றேன். "ஏழாவது பக்கத்துல இருக்கு சார்" என்றார். இருந்தது. சிவப்புப் பேனா அதைத் தாண்டிப் போயிருக்கிறது.

ஐந்து முறையின் மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் பஸ். பெரம்பூரில் 29சி ஏறினால் ஜெமினி, மயிலாப்பூர் வழியாக ஒன்றே கால் மணி நேரம். இருபது நாள் போய்வருவதற்கும் ஐந்து நாள் போய்வருவதற்கும் வித்தியாசம் இல்லையா? ஆஸ்பத்திரியின் இயற்பியலாளர் ஒருவர் இன்னொரு கணக்கும் சொன்னார். பெரும்பாலான கட்டிகளுக்குச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்துக் கொடுப்பதுதான் சரி. புராஸ்டேட் புற்றுநோய் மெதுவாக வளர்கிற ஜாதி. பங்கு பெரிதானால் அதற்கு அடி அதிகமாக விழும். அதனால்தான் மொத்தம் 60க்குப் பதில் 36.25 போதும் என்று நினைக்கிறார்கள். அதே பெரிய பங்கு பக்கத்தில் இருக்கிற சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் என்ன செய்யும் என்பதுதான் தராசின் மறுதட்டு.

டாக்டர் மறைக்கவில்லை. 2024 அக்டோபரில் வெளிவந்த பேஸ்-பி ஆய்வின் முடிவைக் காட்டினார். 874 பேர், பெரும்பாலும் பிரிட்டனில். ஐந்து வருஷத்தில் நோய் திரும்பாதவர்கள் 5 தடவை எடுத்த பக்கம் 95.8 சதவீதம், வழக்கமான பக்கம் 94.6. கிட்டத்தட்ட சமம். ஆனால் மருந்து தேவைப்படுகிற அளவுக்கோ அதற்கு மேலோ சிறுநீர்த் தொந்தரவு வந்தவர்கள் 26.9 சதவீதம், எதிர்ப்பக்கம் 18.3. அதிலும் அவர்கள் எல்லோரும் என்னைவிட லேசான நோய்க்காரர்கள். க்ளீசன் 4+4 ஆளுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்பதுதான் இங்கே கேள்வி. நானோ 95.8ஐப் படித்தேன், 26.9ஐப் பார்த்தும் பார்க்காத மாதிரி பக்கத்தைத் திருப்பினேன். மனசு ஒன்றைப் பிடித்துவிட்டால் டாலரன்ஸ், அதாவது இவ்வளவு பிசகலாம் என்கிற வரம்பு எல்லாம் தானாக அகலமாகிவிடுகிறது. ஷாப்பில் இதற்காகப் பையன்களைத் திட்டியிருக்கிறேன்.

இப்படித்தான் ஏப்ரல் கடைசியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபது விழுந்தது.

வெளியே வந்து மகளுக்குச் சொன்னேன். "விலகிடுங்கப்பா. வேற ஆஸ்பத்திரியில காசு கட்டினா அஞ்சே குடுப்பாங்க" என்றாள். தப்பில்லை, ஏழாவது பக்கம் அதற்குத்தானே இருக்கிறது. அன்று ராத்திரி தூங்கவில்லை. எழுந்திருக்க வேண்டிய மூன்று தடவையும் எழுந்திருந்து, நடுவில் டாக்டர் கொடுத்திருந்த தாள்களைப் புரட்டினேன். என் தலையில் விழுந்த அந்த 20 எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் பார்த்தேன்.

சிப் என்று ஒரு ஆய்வு. 2002இலிருந்து 2011 வரை, பெரும்பாலும் பிரிட்டன்காரர்கள், 3,216 பேர். அன்றைக்கு வழக்கமான சிகிச்சை 37 தடவை, 74 க்ரே. அதை 20 தடவையில் 60 ஆகக் குறைக்கலாமா, 19 தடவையில் 57 ஆகக் குறைக்கலாமா என்று மூன்று சீட்டு. முடிவு வந்தது 2016இல். 60 தேறியது, ஐந்து வருஷத்தில் 74க்கு எந்த விதத்திலும் குறையவில்லை. 57 தேறவில்லை, கொஞ்சம் பின்தங்கிவிட்டது. அதாவது ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு 57 என்று சீட்டு விழுந்து, அது சற்றே இளைத்த சீட்டு என்று பிற்பாடு தெரிந்திருக்கிறது. இன்னொரு ஆயிரம் பேர் பழைய சீட்டு விழுந்து முப்பத்தேழு நாள் போய்வந்திருக்கிறார்கள். அவர்களிலும் என்னைப்போல் முகத்தைத் தொங்கப்போட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பாதியில் எழுந்து போயிருந்தால் நான் இப்போது 29சியில் முப்பத்தேழு தடவை போக வேண்டும்.

காலையில் மகளிடம், "இருபதே இருக்கட்டும்" என்றேன். காரணம் கேட்டாள், பஸ் கணக்குச் சொன்னேன். "உங்களுக்குப் பைத்தியம்" என்றாள்.

பிப்ரவரியிலேயே ஹார்மோன் ஊசி ஆரம்பமாகியிருந்தது, மூன்று மாதத்துக்கு ஒன்று. ஆண் சுரப்பு நீரை அடக்கி வைக்கிற ஊசி. திடீரென்று நெஞ்சிலிருந்து தலைவரை குப்பென்று சூடு ஏறும், சட்டை தொப்பலாக நனையும், அடுத்த நிமிஷம் குளிரும். இதை மே மாதச் சென்னையில், அக்னி நட்சத்திரத்தில், நின்றுகொண்டு போகிற பஸ்ஸில் அனுபவிக்க வேண்டும். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அப்படி வந்தது. மனைவி விசிறியை எடுத்து வீசிக்கொண்டே, "இருபது வருஷத்துக்கு முன்னாடி எனக்கு வந்தப்போ ஃபேனைப் போட்டுக்கோன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தீங்க" என்றாள். பதில் சொல்ல ஒன்றும் இல்லை. விசிறியையும் அவள் நிறுத்தவில்லை.

சிகிச்சைக்கு முன்னால் சுரப்பிக்குள் அரிசியைவிடச் சின்னதாக மூன்று தங்க மணிகளை ஊசி வழியாக வைத்தார்கள். மெஷின் குறிபார்ப்பதற்கான அடையாளம் அது. (மனைவி: "கல்யாணத்துக்கு அப்புறம் உங்களுக்கு யாரும் தங்கம் போட்டது இதான் முதல் தடவை.") கதிர்வீச்சு அறைக்குள் போனால் ஒரு வலியும் இல்லை, சில நிமிஷ வேலை. கஷ்டமெல்லாம் அறைக்கு வெளியே. மூத்திரப் பையைக் காலி செய்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். பை நிரம்பியிருந்தால் குடல் மேலே தள்ளப்பட்டுக் கதிரிலிருந்து தப்பும். மலக்குடலோ காலியாக இருக்க வேண்டும், காற்றுகூட இருக்கக்கூடாது. பருப்பு, மொச்சை, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் தள்ளுபடி. சாம்பார் இல்லாத நாலு வாரம். ஆறாவது நாள் ஸ்கேன் பார்த்துவிட்டு டெக்னீஷியன் பையன் மைக்கில், "ஐயா, உள்ள கேஸ் இருக்கு. எழுந்து பத்து நிமிஷம் நடந்துட்டு வாங்க" என்றான். நிரம்பிய பையோடு நான் வராந்தாவில் நடந்த நடையை யாரும் வீடியோ எடுக்கவில்லை என்று நம்புகிறேன்.

மூன்றாவது வாரத்தில் எரிச்சல் தொடங்கியது. அரை மணிக்கு ஒருமுறை அவசரம். திரும்பி வரும் வழியில் எந்த ஓட்டலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பது எனக்கு மனப்பாடம். சும்மா உள்ளே போகக் கூச்சப்பட்டு ஒரு காபி வாங்குவேன். அந்தக் காபி அடுத்த ஸ்டாப்பில் தன் வேலையைக் காட்டும். அடுத்த ஸ்டாப்பில் இன்னொரு காபி. மாத்திரை கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்து ஒன்றரை மாதத்தில் பெரும்பாலும் அடங்கியது.

ஆராய்ச்சியில் சேர்ந்ததால் கூடுதலாக வந்தது கேள்வித்தாள். மருந்து, மெஷின் எல்லாவற்றையும்விட எனக்குக் கடினமாக இருந்தது அதுதான். கடந்த நாலு வாரத்தில் சிறுநீர் எத்தனை தடவை கசிந்தது, எத்தனை தடவை மலம் அவசரமாக வந்தது, பிறகு மூன்றாவது பகுதி. நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய மனைவியிடம்கூட வார்த்தையாகப் பேசியிராத விஷயத்தை, 0 முதல் 4 வரை எண்ணாகச் சொல்ல வேண்டும். தமிழ்ப் படிவமும் அந்த இடத்தில் வெட்கப்பட்டு, எதைக் கேட்கிறது என்றே புரியாத சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. முதல் தடவை நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் பேனாவை என் பக்கம் நகர்த்தி, "அப்பா, வாயால சொல்ல வேணாம். நம்பரை மட்டும் வட்டம் போடுங்க, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறேன்" என்றாள். திரும்பிக்கொண்டாள். வட்டம் போட்டேன். உண்மையைத்தான் போட்டேன். என் நண்பர்கள் ஒருவரும் இதைப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் பேர் இல்லாத ஒரு நம்பராக அது சேர்ந்திருக்கிறது.

இப்போது பி.எஸ்.ஏ. 0.03. கேட்கிறவர்கள் எல்லோரும் கை கொடுக்கிறார்கள். டாக்டர் கொடுக்கவில்லை. ஊசி போடுகிற வரையில் அந்த எண் கீழேதான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். ஊசியை நிறுத்திய பிறகு, தொட்ட அடிமட்டத்துக்கு மேலே 2 ஏறினால் நோய் திரும்பியதாகக் கணக்கு. அதைப் பார்க்கத்தான் ஐந்து வருஷம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

போன மாதம் போனபோது வராந்தாவில் எனக்கு அடுத்த நாற்காலியில் ஒருவர் அதே பதினான்கு பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வேட்டி, கையில் மஞ்சள் பை. செங்கல்பட்டுப் பக்கம் போலிருக்கிறது பேச்சு. மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து, "இது என்னங்க, சீரற்ற முறை?" என்றார்.

"குலுக்கல்" என்றேன்.

"ஓ." கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "உங்களுக்கு எது விழுந்துச்சு?"

"இருபது."

"அடடா" என்றார் நிஜமான வருத்தத்தோடு. எங்கே இருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து என் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கும்போது சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து அவரிடம் கொடுத்தேன். "ஏழாவது பக்கத்தை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க" என்றேன்.